வெறுந்தறிச் சத்தம்

இந்தப் பொட்டி மேல கால் படாம பார்த்துக்குங்க தம்பி. இல்லீங்க, கோவமெல்லாம் இல்ல. சவுண்டுப் பொட்டி. உள்ளுக்குள்ள காயிதமாட்டம் ஒண்ணு இருக்குது, அது கிழிஞ்சா அப்பறம் கரகரன்னுதான் சத்தம் வரும். நீங்க தாராளமா உக்காருங்க. பஸ்ஸே காலியாத்தான கெடக்குது. முன்னெல்லாம் இந்த ஒம்பது மணி பஸ்ஸுல நிக்க எடம் கெடைக்காதுங்க. துணி மூட்டை, நூல் மூட்டைன்னு மனுசன் கால் வெக்க முடியாது. இப்பப் பாருங்க, நீங்க, நானு, முன்னால தூங்கற அந்தம்மா. அவ்வளவுதான்.

ஈரோட்டுக்குத்தானுங்களே? நானும் அங்கதான். மணிக்கூண்டுல எறங்கோணும். மூணு நாளா இந்தப் பொட்டியைத் தூக்கிட்டு அலையறேன். அதை அப்பறம் சொல்றேன்.

என்ற பேரு ராக்கியப்பன். தொட்டிக்காட்டுப்புதூர்ல கட்சிக் கிளைச் செயலாளர், இருவத்திரெண்டு வருசமா. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. கேட்டா ஒண்ணு மூஞ்சியத் திருப்பிக்குவீங்க, இல்லீன்னா ஒரு மனுவை எடுத்து நீட்டுவீங்க. ரெண்டையும் தாங்கற மாதிரி நான் இப்ப இல்லீங்க. அசதியா இருக்குது. காலையில எந்திரிக்கும்போதே அசதியா இருக்குது.

இப்ப எல்லாரும் அண்ணனைத் திட்டறாங்க. அண்ணன்னா எங்க மந்திரி. கட்சியில நாங்க அப்படித்தான் சொல்லுவோம், வயசு என்னைவிட ரெண்டு கம்மிதான். டீக்கடையில திட்டறாங்க, ரேசன் கடையில திட்டறாங்க, எழவு ஊட்டுல பந்தல்ல உக்காந்துகிட்டு திட்டறாங்க. நானே சொல்றேன், அண்ணனுக்கு ஊர் நெலவரம் தெரியலீங்க. அது நெசம். ஆனா யாராச்சும் அவருக்குச் சொல்லியிருக்கோணுமில்ல? சுத்தி இருக்கறவன் ஒருத்தனும் வாயைத் தொறக்கறதில்ல. அவரைக் கெடுத்ததே சுத்தி இருக்கறவங்கதான். நான் எங்க வேணா சொல்லுவேன் இதை.

எங்கூருன்னா தறிதானுங்க. ஐநூறு தறி ஓடுன ஊரு. நீங்க ஊருக்குள்ள வந்தீங்கன்னா பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது. நாங்க எல்லாம் கத்தித்தான் பேசுவோம். வெளியூர்ல போயி சம்பந்தம் பேசும்போதுகூட கத்திப் பேசி, பொண்ணு ஊட்டுக்காரங்க சண்டைக்கு வந்திருக்காங்கன்னு பயந்த கதையெல்லாம் உண்டு. எங்க குடோன்ல எட்டுத் தறி. நாலு அவ அப்பன் கொடுத்தது, நாலு நாங்க சேர்த்தது. அவன்னா எங்கூட்டுக்காரி, பூவாத்தா. நான் கட்சி வேலையைப் பார்த்தேன், அவ தறியைப் பார்த்துக்கிட்டா. இருவத்திரெண்டு வருசமும் அப்படித்தான். எனக்குத் தறி ஓட்டத் தெரியாதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. தெரியும். அவ அளவுக்கு வராது.

போன வருசம் தை மாசத்துக்கு மேல பாவு வர்றது நின்னு போச்சுங்க. பாவுன்னா நீளவாட்டு நூல், பெரிய உருளையில சுத்தி முதலாளிங்க அனுப்புவாங்க, நாங்க கூலிக்கு நெய்து கொடுப்போம். நூல் வெலை ஏறிப்போச்சு, கரண்டு பில்லு ஏறிப்போச்சு, துணி வாங்க ஆளில்லை. பாவு இல்லீன்னா தறியை வெச்சு என்ன பண்ணறது. ஒரு குடோன் நின்னுது, ரெண்டு நின்னுது, மாசியில ஊரே நின்னு போச்சு. சத்தம் நின்னதும் எங்களுக்குப் பேசத் தெரியலீங்க. எல்லாரும் கத்தறாங்க, எல்லாருக்கும் எல்லாம் கேக்குது. புருசன் பொண்டாட்டி சண்டை நாலு ஊடு தாண்டிக் கேக்குது.

அந்த நேரத்துலதான் அண்ணன் நிழற்குடை தொறக்க வந்தாரு. பஸ்ஸுக்கு நிக்க ஒரு நிழற்குடை, அதுல பெருசா அவரு படம். வேலைக்குப் போக ஆளில்லாத ஊருல பஸ்ஸுக்கு நிக்கறது யாருன்னு எங்க மச்சான் கேட்டான். பூவாத்தா கூடப் பொறந்தவன், சுப்பராயன். அவனுக்கு வாய் சித்த நீளம். அண்ணன் கார்லருந்து எறங்கி சுத்தும்முத்தும் பார்த்தாரு. என்ற தோள் மேல கையைப் போட்டுட்டு, "ஏப்பா ராக்கியப்பா, முன்னெல்லாம் உங்கூருக்கு வந்தா காது கிழியும். இப்ப எவ்வளவு அமைதியா இருக்குது. இப்படித்தான் இருக்கோணும் ஊருன்னா" அப்படீன்னாரு.

எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா தோள் மேல கை இருக்குதுங்களே. நூறு பேரு பார்க்கறாங்க. நான் சிரிச்சேன். சுப்பராயன் பொறத்தால நின்னுட்டு, "அமைதி இல்லீங்க, எழவு"ன்னான். நல்ல வேளை, மேளக்காரங்க அப்ப அடிச்சுட்டாங்க.

அன்னைக்குப் பொழுதோட பூவாத்தா கேட்டா. "அவரு அப்படிச் சொன்னாரே, நீங்க என்ன சொன்னீங்க?" சிரிச்சேன்னு சொன்னேன். அவ அடுப்புல இருந்த சோத்தை எறக்கி வெச்சுட்டு குடோனுக்குப் போயி, நின்ன தறிக்கு எண்ணெய் போட்டா. தினமும் போடுவா. ஓடாத தறிக்கு எதுக்கு எண்ணெய்ன்னு கேட்டா, துருப் புடிச்சா பாவு வர்ற அன்னைக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேப்பா.

அதுக்கப்பறம் சித்திரையில ஒரு சேதி வந்துச்சுங்க. ஓடாத தறிக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்குது. நின்னு போன தறிக்குக் கரண்டு பாக்கி தள்ளுபடி, தறிக்கு இத்தனைன்னு மாசாமாசம் பணம், ஆறு மாசத்துக்கு. அது வந்துட்டா ஊரு தலை நிமுந்துக்கும். வரலீன்னா பழைய இரும்புக்கடைதான். பக்கத்தூருல அப்பவே தறியை உடைச்சு எடைக்குப் போட ஆரமிச்சுட்டாங்க. எங்கூட்டுல சொன்னா, "இந்த ஒண்ணு மட்டும் வாங்கிக் கொடுத்துருங்க. இத்தனை வருசம் கொடி புடிச்சீங்க, நான் ஒண்ணும் கேட்டதில்ல. இந்த எட்டுத் தறி நிக்கோணும்." அவ்வளவுதான் கேட்டா. நெசமாத்தான், அதுக்கு முன்னால எதுவும் கேட்டதில்லீங்க அவ.

வைகாசியில அண்ணனோட பி.ஏ. போன் பண்ணுனாரு. வியாழக்கெழமை அண்ணன் வர்றாரு, பொதுக்கூட்டம். போன தடவை ஊரு செத்த மாதிரி கெடந்துச்சுன்னு மேலிடத்துக்கு யாரோ சொல்லீட்டாங்க, இந்தத் தடவை கலகலப்பா இருக்கோணும். அவரு சொன்னது தோரணம், மேளம், ஆரத்தி, அவ்வளவுதான். தறியை ஓட்டலாம்ங்கறது என்ற யோசனைதானுங்க. அதை மறைக்க மாட்டேன். நல்ல யோசனைன்னு இப்பவும் சொல்லுவேன்.

பாவு இல்லாம தறி ஓட்டலாம் தம்பி. நெய்யறவங்க யாரும் ஓட்ட மாட்டாங்க. குறுக்கால போற ஊடை நூல் அந்து போனா தறி தானா நின்னுக்கறதுக்கு ஒரு முள்ளு இருக்கும். அதைத் தூக்கிக் கட்டிட்டு, அந்த நூலைக் கொண்டு போற நாடாக் கட்டையை வெறுமனே போட்டு மோட்டாரைத் தட்டி விட்டா, அது பாட்டுக்கு ஓடும். துணி வராது. சத்தம் மட்டும் வரும். வெறும் ஆட்டுக்கல்லை ஆட்டற மாதிரி.

ஊருல முதல்ல ஒருத்தனும் ஒத்துக்கலீங்க. வெறுந்தறி ஓட்டறது குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சு உண்டு. நாடாவைத் தட்டி விடற மட்டை உடையும், கரண்டு வேற இழுக்கும். நான்தான் கோயில் முன்னால நின்னுட்டு சொன்னேன். "சத்தம் கேட்டா அண்ணன் காரை நிறுத்துவாரு. குடோனுக்குள்ள வந்து பார்ப்பாரு. பாவில்லாம தறி ஆடறதைப் பார்த்தா, என்னப்பா இதுன்னு கேப்பாரு. அப்பச் சொல்லலாம். மனுவுல எழுதறதை அவரு படிக்க மாட்டாரு, கண்ணுல பார்த்தா மனசு எளகும்." நல்லாத்தான பேசியிருக்கேன்? சுப்பராயன்கூட ஒத்துக்கிட்டான். "மச்சான், அவரு உள்ள வர்ற மாதிரி பார்த்துக்குங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்"ன்னான். எங்கூட்டுல மட்டும் கேட்டா, "உள்ள வரலீன்னா?" கார்ல நானும் வருவேன், முன் சீட்டுல எனக்கு எடம்னு பி.ஏ. சொல்லியிருக்காரு, நான் சொல்லிக் கூட்டிட்டு வர்றேன்னேன். "சத்தியமா?" அப்படீன்னா. சத்தியமான்னேன்.

வியாழக்கெழமை மேட்டுக்கடைப் பிரிவுல அண்ணன் கார்ல ஏறுனேன். அங்கருந்து எங்க ஊரு மேடைக்குப் பதினோரு நிமிசம். எப்படித் தெரியும்னா, அதை எங்கூட்டுக்காரி அப்பறம் கணக்குப் பண்ணிச் சொன்னா. கார்ல ஏறுனதும் ஏசி ஜில்லுன்னு இருந்துச்சு. என்ற சட்டையெல்லாம் வேர்வை, சீட்டுல சாயக்கூட யோசிச்சுட்டு நுனியிலயே உக்காந்திருந்தேன். அண்ணன் போன்ல யாருகிட்டயோ மகன் கல்யாண மண்டபம் பத்திப் பேசிட்டு வந்தாரு. ஊரு எல்லை வந்ததும் ஆரமிச்சாங்க பாருங்க. ஐநூறு தறி. மூணு மாசத்துக்கப்பறம். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. கண்ணாடி எல்லாம் ஏத்தியிருந்தும் உள்ள அதுருது. அண்ணன் போனை எறக்கிட்டு, "தறி ஓடுதாப்பா?"ன்னாரு.

"ஓடுதுங்கண்ணா"ன்னேன்.

கேட்ட கேள்விக்குத்தான பதில் சொல்லோணும் தம்பி? ஓடுதான்னு கேட்டாரு. ஓடுச்சு. பாவு இருக்குதான்னு அவரு கேக்கலியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவரு "பலே"ன்னு சொல்லிட்டு மறுபடியும் போனை எடுத்துட்டாரு. பேசிட்டு இருக்கறவருகிட்ட குறுக்கால எப்படீங்க பேசறது. எங்க குடோனைத் தாண்டும்போது பூவாத்தா வாசல்ல நின்னுட்டு இருந்தா. கையில ஆரத்தித் தட்டு இல்ல, ஒண்ணுமில்ல. சும்மா காரையே பார்த்துட்டு நின்னா. கறுப்புக் கண்ணாடி, அவளுக்கு உள்ள ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எனக்குத்தான் அவ தெரிஞ்சா.

மேடையில அண்ணன் மைக்கைப் புடிச்சாரு. "தொழில் படுத்துருச்சுன்னு சொல்றாங்களே, அவங்க எல்லாம் தொட்டிக்காட்டுப்புதூருக்கு வந்து காதைத் தொறந்து கேக்கட்டும். என்ற காதுக்கு அது சத்தம் இல்ல, சங்கீதம்." கட்சிக்காரங்க கை தட்டுனாங்க. ஊர்க்காரங்க தட்டலை. அந்த நேரத்துல ஒவ்வொரு குடோனா நிறுத்திட்டு இருந்தாங்க. அவரு பேச்சு முடியறதுக்குள்ள சத்தமே இல்லாம போச்சு. அவரு கவனிச்ச மாதிரி தெரியலை.

நிவாரணக் கணக்கு எடுக்கற அதிகாரியும் அன்னைக்குப் பின்னால ஒரு ஜீப்புல வந்திருக்காரு. அது எனக்குத் தெரியாதுங்க. பி.ஏ. போன்லயே உங்ககிட்டச் சொன்னாராமே மச்சான்னு சுப்பராயன் கேக்கறான். சொல்லியிருக்கலாம். ஆயிரம் சொல்லுவாங்க, எல்லாமே நெனவுல நிக்குதுங்களா? பட்டியல் வந்தப்ப எங்க ஊருக்கு நேரா 'அனைத்துத் தறிகளும் இயங்குகின்றன'ன்னு இருந்துச்சு. கையெழுத்து, சீலு எல்லாம் சரியா இருந்துச்சு.

நான் அண்ணனைப் பார்க்கப் போனேனுங்க. போகலீன்னு நெனைக்காதீங்க. மூணு தடவை போனேன். ரெண்டு தடவை அவரு இல்ல. மூணாந் தடவை இருந்தாரு, வராண்டாவுல முப்பது பேரு. என்னைப் பார்த்ததும், "வாப்பா சங்கீதம்"னு கூப்பிட்டு எல்லாருகிட்டயும் சொன்னாரு, இவங்க ஊருலதான்யா தறி ஓடுதுன்னு. அத்தனை பேரு முன்னால, ஓடலீங்கண்ணா, நாங்க நடிச்சோம்னு எப்படீங்க சொல்லுவேன்? அவருக்கு மானம் போகுமே. டீ கொடுத்தாங்க. குடிச்சுட்டு வந்துட்டேன்.

ஆடியில இரும்புக்கடை லாரி எங்க ஊருக்கு வந்துச்சு. சம்மட்டியால ரெண்டு அடி, தறி விழுந்துரும். முப்பது வருசம் ஓடுனது ரெண்டு அடியில விழுந்துருது. ஒவ்வொரு குடோனா வந்தாங்க. எங்களுது வெள்ளிக்கெழமை. நான் காலையில கட்சி ஆபீசுக்குப் போறதாத்தான் இருந்தேன், போகலை. பொறத்தால கதவுகிட்ட நின்னுட்டு இருந்தேன். பூவாத்தா உள்ள போயி, முதல் தறிக்கு எண்ணெய் போட்டா. அன்னைக்கும் போட்டா பாருங்க. அப்பறம் முள்ளைத் தூக்கிக் கட்டிட்டு மோட்டாரைத் தட்டுனா. சீலைத் தலைப்புல செல்போனைத் தொடைச்சு, தறி மேல வெச்சா. எதுக்குன்னு எனக்கு அப்பப் புரியலை. ஓட விட்டுட்டுப் பார்த்துட்டே நின்னா. நிறுத்துனா. அப்பறம் திரும்பிப் பார்க்காமயே பேசுனா. நான் கதவுகிட்ட நிக்கறது அவளுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்குது.

அதுதான் அவ என்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு. அன்னைக்குப் பொழுதோட சுப்பராயன் குடும்பத்தோட திருப்பூர் போயிட்டா. அவனும் அவளும் பனியன் கம்பெனியில சேந்துட்டாங்க. அம்பத்திமூணு வயசுல பிசிர் வெட்டற வேலைங்க அவளுக்கு. நல்லா நெய்யறவ. போன் பண்ணுனா எடுக்கறதில்ல. ஒரு வாரம் கழிச்சு, வாட்ஸப்புல அந்தத் தறிச் சத்தத்தை மட்டும் அனுப்பியிருந்தா. கூட ஒரு எழுத்து இல்ல.

இப்ப வர்ற திங்கக்கெழமை அண்ணன் மறுபடியும் வர்றாரு. உள்ளாட்சித் தேர்தல் வருதில்லீங்க. பி.ஏ. போன் பண்ணுனாரு. "ராக்கியப்பன், போன தடவை அந்தத் தறிச் சத்தம் அண்ணனுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. டிவிக்காரங்க கூட வர்றாங்க. அதே மாதிரி பண்ணீருங்க." ஊருல இப்ப மொத்தமா ஒம்பது தறி இருக்குது. அதுலயும் ரெண்டுக்கு மோட்டார் இல்ல. நான் என்ன சொல்றது. சரீங்கன்னேன்.

அதுக்குத்தான் இந்தப் பொட்டி. கட்சிப் பொட்டி, இந்த மாதிரி ஆறு இருக்குது. மணிக்கூண்டுகிட்ட ஒரு சவுண்டு சர்வீஸ் கடை. அவங்ககிட்ட அந்தச் சத்தத்தைக் கொடுத்தா, முடிய முடியத் திரும்பி வர்ற மாதிரி பண்ணிப் பென் டிரைவ்ல போட்டுத் தருவாங்க. பொட்டியில போட்டுப் பார்த்து வாங்கிக்கலாம். ஆறு பொட்டியை ஆறு காலிக் குடோன்ல வெச்சா போதும், ஊரு முழுக்கத் தறி ஓடும். ஒரே ஒரு வேலைதான். கடைசியில கொஞ்சம் வெட்டோணும். நாலு நிமிசம் தறி, அப்பறம் அவ பேசறது வருதுங்களே.

இருங்க, போடறேன். காதுகிட்ட வெச்சுக்குங்க.

கேக்குதுங்களா? எவ்வளவு சுத்தமா ஓடுது பாருங்க. எண்ணெய் போட்டு வெச்ச தறி. இந்தச் சத்தத்துல ஊடால டப்புன்னு ஒண்ணு வரும், அது நாடா அந்தப் பக்கம் போயி முட்டறது. உங்களுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். எனக்கு இது மூணாந் தறியா ஒண்ணாந் தறியான்னு சொல்ல முடியும். பொறுங்க, முடியப் போகுது. இதா நிறுத்தறா. இப்ப.

"ஏனுங்க. பதினோரு நிமிசம் கூடவே வந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

அவ்வளவுதான். அந்த 'ஏனுங்க'வுலருந்து வெட்டீரோணும். இல்லீன்னா நாலு நிமிசத்துக்கு ஒருக்கா, ஆறு பொட்டியிலயும் அது வரும். அண்ணன் கண்ணாடி ஏத்தியிருப்பாரு, அவருக்குக் கேக்காது. கேட்டாலும் யாரோ பொம்பளை பேசறான்னு விட்டுருவாரு. ஊருக்குக் கேக்கும். மிச்சமிருக்கற சனமெல்லாம் வாசல்ல நிக்கும், எல்லாருக்கும் கேக்கும்.

சின்ன வேலைதானுங்க. அந்தக் கடைத் தம்பி போன்லயே அஞ்சு நிமிசம்னு சொல்லிட்டான். நேத்தும் இதே பஸ்ஸுலதான் வந்தேன். எறங்க முடியலீங்க, ஒரே கூட்டம். முந்தாநேத்தும் அப்படித்தான். பொட்டியைத் தூக்கிட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள பஸ்ஸை எடுத்துட்டாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி, அதே பஸ்ஸுல திரும்பி ஊருக்கே போயிட்டேன்.

மணிக்கூண்டு வந்துருச்சுங்களா? ஆமாங்க கண்டக்டரே, தெரியுது, எறங்கறவங்க எறங்கட்டும். நீங்க எறங்கறீங்களா தம்பி? சரி, பார்த்துப் போங்க, பொட்டியைத் தாண்டிப் போயிருங்க. நானா? எப்படீங்க எறங்கறது, பாருங்க, இன்னைக்கும் கூட்டமாத்தான் இருக்குது. திங்கக்கெழமைக்கு இன்னும் நாலு நாள் கெடக்குதில்லீங்க.